விடுபட்ட தசம எண்ணைக் கண்டுபிடிப்பது

☐ + 3.75 = 8.2. கழிக்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிந்துவிடும். சறுக்குவது கழிக்கும்போதுதான். 8.2-க்குக் கீழே 3.75 எழுதினால் 5-க்கு மேலே வெற்றிடம். அந்த 5-ஐ அப்படியே கீழே இறக்கி 4.55 என்று எழுதிவிடுவார்கள். முதலில் 8.2-ஐ 8.20 ஆக்குங்கள். 0-விலிருந்து 5 போகாது, பக்கத்து 2-இடம் கடன் வாங்கியாக வேண்டும் என்பது தானாகவே தெரியும். விடை 4.45. புள்ளிக்கு நேர் கீழே புள்ளி வர வேண்டும். கடைசி இலக்கங்களை ஒரே வரிசையில் நிறுத்தினால் பத்தில் ஒன்றும் நூறில் ஒன்றும் கலந்துபோகும்.

கழித்தல் கணக்கில் கட்டம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ☐ − 2.6 = 1.45 என்றால் கட்டத்தில் இருப்பதுதான் முழு எண்ணிக்கை. இரண்டு பகுதிகளையும் கூட்ட வேண்டும்: 1.45 + 2.60 = 4.05. ஆனால் 7 − ☐ = 2.38 என்பதில் முழுமை 7. இங்கேயும் பழக்கதோஷத்தில் கூட்டினால் 9.38 வரும். ஏழிலிருந்து ஒன்பதைக் கழித்து இரண்டு மிஞ்சுமா? இந்த ஒரு கேள்வியே தவறைக் காட்டிக்கொடுத்துவிடும்.

7.00 − 2.38 என்று இரண்டு சுழியங்களைத் தாண்டிக் கடன் வாங்குவது சிக்கலாக இருந்தால், 2.38-இலிருந்து மேலே ஏறிப் போகலாம். 2.40-க்கு 0.02, அங்கிருந்து 3-க்கு 0.60, 7-க்கு இன்னும் 4. மொத்தம் 4.62. மனக்கணக்குக்கு இந்த வழியே எனக்கு மிகவும் பிடித்தது.

இலக்கங்கள் மட்டும் விடுபட்ட கணக்குகள் இன்னும் சுவையானவை:

4.☐7 + ☐.8☐ = 7.42

வலது ஓரத்திலிருந்து தொடங்க வேண்டும். 7-உடன் எதைக் கூட்டினாலும் ஓரிலக்கத்தில் 2 வராது. ஆகவே 12, விடுபட்டது 5, மீதி 1 மேலே போகிறது. அடுத்து ☐ + 8 + 1 என்பதன் கடைசி இலக்கம் 4; அதாவது 14, எனவே 5. மறுபடியும் 1 மேலே. 4 + ☐ + 1 = 7 என்பதால் 2. கணக்கு: 4.57 + 2.85 = 7.42. நடுவில் அந்த மீதி 1-ஐ மறந்தால் 5-க்குப் பதில் 6 வரும், 4.67 + 2.85 என்று திரும்பக் கூட்டினால் 7.52. சரியாகப் பத்தில் ஒன்று கூடுதலாக இருந்தால், மறந்த மீதியை எங்கே தேடுவது என்று தெரிந்துவிடும்.