வாடகையா, விலையேற்றமா: ஒரு குரோம்பேட்டைக் கணக்கு

2011-ஆம் ஆண்டு சென்னைப் புறநகரான குரோம்பேட்டையில் 900 சதுர அடி அடுக்குமாடி வீடு ஒன்றை 32 லட்சம் ரூபாய்க்கு வாங்கினேன். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே என் மைத்துனர், கூடுவாஞ்சேரியிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மனையை ஆறு லட்சத்துக்கு முடித்திருந்தார். மாதாமாதம் வாடகை வரும் என்பது என் வாதம். "மாப்பிள்ளை, கட்டடம் வருஷா வருஷம் தேயும், மண் தேயாது" என்பது அவருடைய வாதம்.

என் கணக்கு முதல் மாதமே உதைத்தது. 25 லட்சம் கடனுக்குப் பத்து சதவீத வட்டியில் தவணை 24,000 ரூபாயைத் தாண்டியது. வந்த வாடகையோ 9,500. வருமானம் தரும் சொத்து என்று நான் பெருமையடித்துக்கொண்ட வீடு, மாதந்தோறும் என் சம்பளத்திலிருந்து பதினான்காயிரத்துக்கு மேல் தின்றது. இன்று வாடகை 18,000. வீட்டுவரி, குளியலறைக் கசிவு கீழ்வீட்டுக் கூரையில் இறங்கியதற்கான செலவு, ஆள் மாறும்போது வெள்ளையடிப்பு, இடையில் பூட்டிக் கிடக்கும் மாதம் ஆகியவற்றைக் கழித்தால் ஆண்டுக்கு 1,70,000 ரூபாய் நிற்கும். வீடு இப்போது 60 லட்சம் போகும் என்கிறார்கள். அப்படியானால் வாடகை மூன்று சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. விலையேற்றமும் ஆண்டுக்கு நாலரை சதவீதம்தான். காரணம் மைத்துனர் சொன்னதே: பத்திரத்தில் எனக்குள்ள பிரிக்கப்படாத மனைப்பங்கு, அதாவது கட்டடம் நிற்கும் நிலத்தில் என் பங்கு, 420 சதுர அடி, ஏறுவது அது மட்டும், மேலே நிற்கும் கட்டடம் இறங்கிக்கொண்டிருக்கிறது.

அவருடைய மனை 2016-இல் 25 லட்சம் பேசப்பட்டது. பொங்கலுக்குப் பொங்கல் எங்களை அழைத்துப் போய், சீமைக்கருவேல முள்ளை விலக்கி, நான்கு எல்லைக் கற்களையும் தொட்டுக் காட்டுவார். ஆனால் அது அரசின் நகரமைப்புத் துறை அங்கீகரிக்காத, பஞ்சாயத்து அங்கீகாரம் மட்டுமே பெற்ற மனை. அந்த ஆண்டு செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக விலை பேசி முன்பணமும் வாங்கியிருந்த அவர், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு தன் மனைவியான என் அக்காவின் நகைகளை அடகு வைத்தார். 2017 மே மாதம் அத்தகைய மனைகளை முறைப்படுத்த அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்த பிறகு, கட்டணம் கட்டி ஒழுங்குபடுத்தி, அடுத்த ஆண்டு 21 லட்சத்துக்குத்தான் விற்க முடிந்தது. அப்போதும் ஒன்பது ஆண்டுகளில் மூன்றரை மடங்கு. என் வீடு அதன் பக்கத்தில்கூட வர முடியாது.

ஆனாலும் அவர் வென்றார், நான் தோற்றேன் என்று எழுத மனம் ஒப்பவில்லை. மனை கொடுத்த லாபம் முழுவதும் ஒரே நாளில், வாங்குபவரும் பதிவாளரும் மனம் வைத்த நாளில்தான் வந்தது. அதுவரை அது அவருக்கு ஒரு கல்லூரிப் பருவத்துக்கான கட்டணத்தைக்கூடத் தரவில்லை. என் வாடகை சொற்பம்தான், எனினும் 2020-இல் எனக்குச் சம்பளம் பாதியாகக் குறைந்தபோது தவணையில் ஒரு பகுதியைத் தாங்கி, வீட்டை அடிமாட்டு விலைக்கு விற்காமல் காத்தது அதுவே. முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2 என்று வாங்கும்போதே ஒன்பது சதவீதம் போய்விடும் ஊரில், அவசரமாக விற்க நேர்பவருக்கு விலையேற்றம் வெறும் பேச்சுத்தான்.

மைத்துனர் இப்போது செங்கல்பட்டுப் பக்கம் மறுபடியும் மனை பார்க்கிறார், இம்முறை டி.டி.சி.பி. (அரசின் நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் இருக்கிறதா என்பதுதான் புரோக்கரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி. என் வீட்டில் குடியிருப்பவர் அடுத்த மாதம் காலி செய்கிறார். வெள்ளையடிக்க மேஸ்திரி முப்பதாயிரம் கேட்கிறார்.