உள்வலையமைப்பில் லீப் செக்கன்: குரோனியை அமைத்த விதம்

திருநெல்வேலியில் ஓர் அலுவலகம். ஒரு டெபியன் லினக்ஸ் சேர்வரில், கணினி நேரத்தைச் சரியாக வைத்திருக்கும் குரோனி மென்பொருள், மற்றக் கணினிகள் அதனிடம் மட்டும் நேரம் எடுக்கும். லீப் செக்கன் என்பது பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக எப்போதாவது கடிகாரத்தில் கூட்டும் ஒரு செக்கன். அது வருவது யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவில். எங்களுக்கு அது விடிய 5.30. கடைசியாக வந்தது 2017 ஜனவரி 1. சும்மா விட்டால் லினக்ஸின் கருவான கேர்னல் 23:59:59ஐ இரண்டு தரம் ஓட்டும். பிறகு போட்ட பில் முன்னதாகப் பதிவாகலாம்.

சேர்வரின் அமைப்புக் கோப்பில் மூன்று வரிகள்: 'லீப்செக்மோட் ஸ்லூ' (ஸ்லூ என்றால் கடிகாரத்தை மெல்ல இழுப்பது), 'மேக்ஸ்ஸ்லூரேட் 1000', 'ஸ்மூத்டைம் 400 0.001024 லீப்ஒன்லி'. முதல் இரண்டும் போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். போதாது. சேர்வர் தன் கடிகாரத்தை மெல்ல இழுத்தாலும், கேட்கிறவர்களுக்குக் கொடுப்பது உடனே திருத்திய நேரத்தைத்தான். அந்த ஒரு செக்கனைப் பரப்பிக் கொடுப்பது மூன்றாவது வரி. விடிய 5.30க்குத் தொடங்கி இரவு பதினொரு மணியளவில்தான் முடியும். எவ்வளவு பரப்பியாயிற்று என்ற கணக்கு நினைவகத்தில் மட்டுமே இருக்கிறது. இடையில் கரண்ட் போய்ச் சேர்வர் நின்றால் மிச்சம் ஒரேயடியாகப் பாயும். அன்றைக்கு யூபிஎஸ் பற்றரி நம்பத்தக்கதாக இருக்கவேண்டும், அப்டேற்றும் வேண்டாம்.

லீப் செக்கன் பட்டியலைக் குரோனி வழக்கமாக 'ரைட்/யூடிசி' நேரவலயத்தில் பார்க்கும். புதிய டெபியன், உபுண்டுவில் அது தனிப் பொதிக்குப் போய்விட்டது. அந்தப் பொதி இல்லாவிட்டால் லொக்கில் (பதிவுக் கோப்பில்) ஒரு எச்சரிக்கை எழுதிவிட்டுக் குரோனி பேசாமல் ஓடும். அந்த நேரவலயத்தை வைத்து டேற் கட்டளையிடம் 2008 டிசம்பர் 31, 23:59:60ஐக் கேளுங்கள். 60 என்றே திருப்பிச் சொன்னால் சரி. குரோனி 4.6 முதல் 'லீப்செக்லிஸ்ட்' என்று பட்டியல் கோப்பையே நேரடியாகக் காட்டலாம். அக்கோப்புக்குக் காலாவதித் திகதி உண்டு, புதுப்பிக்கவேண்டும்.

கூகுளின் நேரச் சேர்வர்களை மற்றவற்றோடு கலக்கக்கூடாது. அவை 24 மணி நேரத்தில் செக்கனைப் பரப்புவதால், நடுவில் அரைச் செக்கன் வரை விலகி நிற்கும்.

மற்றக் கணினிகளில், இணைய நேரச் சேர்வர்களைக் காட்டும் பூல் வரிகளையும் நேரவலய வரியையும் எடுத்துவிட்டோம். தப்பிவிடுவது, கணினிகளுக்கு வலையமைப்பு முகவரி கொடுக்கும் டிஎச்சிபி: அதன் வழியாக றவுட்டர் அறிவிக்கும் நேரச் சேர்வரையும் டெபியனின் குரோனி சேர்த்துக்கொள்ளும். அதைச் சேர்க்கும் 'சோர்ஸ்டிர்' வரியையும் முன்னால் # போட்டு மறைக்கவேண்டும்.

லீப் செக்கனுக்கு முன் 'குரோனிசி டிராக்கிங்' கட்டளையில் சேர்வர் 'இன்சேர்ட் செக்கண்ட்' என்றும், மற்றவை 'நோமல்' என்றும் காட்டவேண்டும். ஸ்லூவும் ஸ்மூத்டைமும் சேர்ந்திருக்கும்போது, லீப் செக்கன் வருகிறது என்ற அந்த அறிவிப்பைச் சேர்வர் வெளியே விடுவதில்லை. மற்றக் கணினிகளில் ஏதாவதொன்று 'இன்சேர்ட்' காட்டினால், அதற்கு வேறெங்கிருந்தோ செய்தி வருகிறது.