வலி முன்னால், இறுக்கம் பின்னால்

போன பொங்கல் வாலிபால் டோர்னமென்டில் இரண்டாவது செட். எங்கள் லிஃப்டர் பந்தை எனக்குப் பிடித்த உயரத்தில் தூக்கிக் கொடுத்தான், ஓடிவந்து எழும்பினேன், அடிக்கக் கையைப் பின்னால் இழுத்ததும் தோளின் முன்பக்கம் ஊசி ஏற்றினதுபோல ஒரு சுருக். அடிக்க வேண்டிய பந்தைப் பூப்போலத் தட்டிவிட்டு இறங்கினேன். எதிரணிக்காரர்கள் பெரிய அடியை எதிர்பார்த்துப் பின்னால் நின்றதால் பாயிண்ட் வந்துவிட்டது, அது வேறு கதை. வெளியே இருந்து "மாமா, வயசாயிடுச்சு" என்று ஒரு குரல். எனக்கு 37.

வலி முன்னால் இருந்ததால் நானும் முன்பக்கத்தையே இழுத்துக்கொண்டிருந்தேன். வலைக் கம்பத்தைக் கையால் பிடித்து, உடம்பை எதிர்ப்பக்கம் திருப்பி, தோள் முன்னால் பிய்ந்துவிடும்போல ஆகும்வரை நிற்பது காலேஜ் காலத்துப் பழக்கம். ஆட்டத்துக்கு முன் ஒரு தடவை, வலித்தால் இன்னொரு தடவை. இழுத்த கொஞ்ச நேரத்துக்கு இதமாக இருக்கும், மறுநாள் சட்டைக்குள் கையை நுழைக்கும்போதுதான் தெரியும்.

ஒரு மாதம் பொறுத்துவிட்டு பிசியோவிடம் போனேன். அவர் வலிக்கிற இடத்தைத் தொடவே இல்லை. மல்லாக்கப் படுக்கவைத்து, மேல்கையைப் பக்கவாட்டில் நேராக நீட்டி, முழங்கையை மடக்கி விரல்கள் கூரையைப் பார்க்க வைத்தார். பிறகு முன்கையைக் கால் பக்கமாக மெதுவாகச் சாய்த்தார். தோளின் முன்பக்கத்தை இன்னொரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே, "இது மேல எழும்பினா கணக்கு தப்பாயிடும் சார்" என்றார். இடது கை 60 டிகிரி போனது. வலது கை 35-லேயே நின்றுவிட்டது. அதே நிலையில் முன்கையைத் தலைப் பக்கமாகச் சாய்த்தபோது இடது 95, வலது 110. அடிக்கிற கையில் முன்பக்கம் ஏற்கெனவே தேவைக்கு மேல் தளர்ந்திருக்கிறது, அதைத்தான் நான் கம்பத்தில் கட்டி இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதன் கணக்கு அப்புறம் படிக்கப் படிக்கத்தான் புரிந்தது. ஸ்மாஷ் அடிப்பவர், பந்து எறிபவர், டென்னிஸ் சர்வீஸ் போடுபவர் எல்லோருக்குமே அந்தக் கை பின்னால் (தலைப் பக்கம்) அதிகமாகவும் உள்பக்கம் (கால் பக்கம்) குறைவாகவும் சுழலும். இரண்டையும் கூட்டினால் இரண்டு கைக்கும் ஒரே தொகை வந்தால் பெரும்பாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. பிறந்த குழந்தையின் மேல்கை எலும்பு பின்பக்கமாக முறுக்கியிருக்கும், வளர வளர அந்த முறுக்கு அவிழும், சின்ன வயதிலிருந்தே எறிகிறவர்களுக்கு அது முழுதாக அவிழ்வதில்லை. அது எலும்பு, அதை எந்த ஸ்ட்ரெச்சும் மாற்றாது. என் விஷயத்தில் தொகையே இடித்தது: இடது 155, வலது 145. மறுகையைவிட உள்சுழற்சி 20 டிகிரிக்கு மேல் குறைந்து, மொத்தத்திலும் 5 டிகிரிக்கு மேல் குறைந்தால் கவனிக்க வேண்டும் என்பது பிசியோக்கள் வைத்திருக்கும் பொதுவான அளவுகோல்.

சரி, பின்பக்கம் ஏன் இறுகுகிறது? பந்தை அடித்தபிறகு கை சும்மா நின்றுவிடுவதில்லை, யாராவது அதை நிறுத்த வேண்டும். தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் இருக்கிற சின்னத் தசைகள்தான் அந்த பிரேக். அமெரிக்க பேஸ்பால் பிட்சரின் கை எறியும் கணத்தில் நொடிக்கு 7000 டிகிரி வேகத்தில் உள்பக்கம் சுழல்கிறது என்று அளந்திருக்கிறார்கள். நம் பொங்கல் டோர்னமென்ட் வேகம் அவ்வளவு இல்லை, ஆனால் பிரேக் பிடிக்கிற வேலை அதேதான். ஆட்டத்துக்கு ஆட்டம் பிரேக் பிடித்துப் பிடித்து அந்தத் தசைகளும் அவற்றுக்கு அடியில் மூட்டைச் சுற்றியிருக்கும் உறையும் விறைத்துப்போகின்றன. பின்பக்கம் இறுகினால் மேல்கையின் பந்துமுனை தன் இடத்தில் சரியாக உட்காராமல் நகர்கிறது, முன்னால் நசுங்குகிறது. வலி முன்னால் வருவது அதனால்தான்.

எனக்குக் கொடுத்தது இரண்டே ஸ்ட்ரெச். முதலாவது கையை மார்புக்குக் குறுக்கே இழுப்பது. எல்லோரும் செய்வதுதான், ஆனால் எல்லோரும் தப்பாகச் செய்வது. கையை இழுத்தால் தோள்பட்டை எலும்பும் கூடவே முன்னால் வழுக்கி வந்துவிடும், இழுபடுவது முதுகுத் தசை, மூட்டு இருந்தபடியே இருக்கும். அதனால் சுவர் ஓரம் போய், தோள்பட்டை எலும்பின் வெளி விளிம்பைச் சுவரில் அழுத்தமாகச் சாய்த்து, அது நகராதபடி வைத்துக்கொண்டு மறுகையால் முழங்கையை இழுக்க வேண்டும். சரியாகச் செய்தால் தோளின் பின்னால் ஆழத்தில் ஒரு இழுப்பு தெரியும். முன்னால் கிள்ளினால் தப்பு, கையைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பாருங்கள். 30 விநாடி, 5 தடவை.

இரண்டாவதுக்குப் பெயர் ஸ்லீப்பர் ஸ்ட்ரெச். (ரயில் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.) அடிக்கிற கைப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, மேல்கையை உடம்புக்கு நேர் முன்னால் வைத்து, முழங்கையை மடக்கி, மறுகையால் மணிக்கட்டைத் தரைப் பக்கம் மெதுவாக அழுத்துவது. நேராகத் தோள் மேலேயே படுத்தால் எனக்குக் கிள்ளியது, உடம்பைக் கொஞ்சம் பின்னால் சாய்த்ததும் போய்விட்டது. 2007-ல் அமெரிக்காவில் இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆய்வில் குறுக்கே இழுப்பது கொஞ்சம் முந்தியது, ஆனால் இரண்டுக்கும் நடுவிலான வித்தியாசம் உறுதியாகச் சொல்லுமளவு இல்லை; நான் அதைத்தான் விடாமல் செய்கிறேன்.

கூடவே ஒரு துண்டு. குளிக்கிற துண்டை இறுக்கச் சுருட்டி, முதுகுத்தண்டுக்கு நேராகத் தரையில் போட்டு, அதன் மேல் மல்லாக்கப் படுத்து இரண்டு தோளையும் சும்மா கீழே விழவிடுவது. நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன் கூன் போட்டு உட்கார்ந்துவிட்டு சாயங்காலம் வந்து வலைக்கு மேல் கை தூக்கினால் முதுகு வளையாது, அந்தப் பாக்கியையும் தோள்தான் கட்ட வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் ஆட்டத்துக்குச் சற்று முன் செய்யாதீர்கள். நீண்ட நேரம் இழுத்துப் பிடித்தால் தசை சட்டென்று காட்டும் பலம் கொஞ்ச நேரத்துக்கு மந்தமாகிவிடும். களத்தில் கையைச் சுழற்றுவது, ரப்பர் பேண்டை இழுப்பது, மெதுவாக நாலு பந்து அடிப்பது போதும், ஸ்ட்ரெச் ஆட்டம் முடிந்தபிறகோ ராத்திரியோ. ரப்பர் பேண்டில் கையை வெளிப்பக்கம் திருப்பி மெதுவாகத் திரும்பி வரவிடுவதையும் சேர்க்கச் சொன்னார், இழுத்தால் மட்டும் பிரேக் பலப்படாது என்று. அப்புறம், தோள் கழன்றுபோகிற மாதிரி இருப்பவர்கள், கை மரத்துப்போகிறவர்கள், ராத்திரி வலியில் விழிப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இழுக்க ஆரம்பிக்க வேண்டாம், நேராக டாக்டரிடம் போங்கள். சில அட்டாக்கர்களுக்குத் தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் தசை வற்றிப் பள்ளமாகிவிடும், வலியே இருக்காது, அது நரம்பு சம்பந்தப்பட்டது. சட்டையைக் கழற்றி யாரையாவது பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் கோணமானி வைத்துக்கொண்டு யார் அளப்பது, நான் சாணில் அளக்கிறேன். அதே மாதிரி படுத்து, கையைக் கால் பக்கம் சாய்த்து, மணிக்கட்டுக்கும் படுக்கைக்கும் இடையே எவ்வளவு என்று பார்ப்பது. இடது பக்கம் அரைச் சாணுக்குக் கொஞ்சம் மேல். வலது பக்கம் ஆரம்பத்தில் கிட்டத்தட்ட ஒரு சாண் இருந்தது, ஆறு வாரத்தில் முக்காலுக்கு வந்தது, சுருக்கும் நின்றது. போன ஞாயிறு ஐந்து செட் ஆடினோம், திங்கள் காலை படுத்துப் பார்த்தால் மறுபடி இரண்டு விரல் ஏறியிருக்கிறது. ஆபீஸ் விட்டு வந்ததும் சுவர் ஓரம் போய் நின்றேன்.