விறாந்தைக்கு இடம் மாறிய கச்சேரி

கடந்த மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஒரு நாதஸ்வரக் கச்சேரி நடந்தது. வந்தவர்கள் எழுபது பேருக்கு மேல் இல்லை. வாசித்தவர், நான் பள்ளிக்கூடப் பையனாக இருந்த காலத்தில் இருந்தே திருவிழா இரவுகளில் கோயில் வீதியெங்கும் பின்தொடர்ந்து கேட்டு வந்த வித்துவான். "எழுதிறதெண்டால் எழுதும், என்ரை பேரை மட்டும் போடாதையும் தம்பி" என்று அவர் கேட்டுக்கொண்டபடியால் அவரை வித்துவான் என்றே குறிப்பிடுகிறேன்.

ஏற்பாட்டில் என்னுடைய பங்கு மண்டபத்தைத் தயார்செய்வது. வாசிகசாலை மேசைகளையும் கரம் பலகையையும் பின்னறைக்குத் தூக்கி, ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருந்த பத்திரிகைக் கட்டுகளை ஒதுக்கி, நிலத்தைக் கழுவி, வாடகைக் கதிரைகளை வரிசையாகப் போட்டு, மேடைக்குப் பின்னால் பதாகையைக் கட்டி முடிக்க எனக்கும் இரண்டு இளைஞர்களுக்கும் இரண்டு நாள்கள் சென்றன. ஒலிபெருக்கி வேண்டாம் என்று நிர்வாகக் கூட்டத்தில் வாதாடியவனும் நான்தான். இப்போது எங்கள் கோயில்களில் மின்கம்பத்துக்கு மின்கம்பம் ஒலிபெருக்கி கட்டி, நாதஸ்வரத்தின் விரிந்த வாயான அணைசுக்கு முன்னால் ஒலிவாங்கியை நீட்டிவிடுகிறார்கள். தவிலின் சொற்கள் ஒன்றோடொன்று கலந்து, பக்கத்து வீட்டில் மா இடிப்பது போலக் கேட்கின்றன. எழுபது பேருக்கு வாசிக்க நாதஸ்வரத்துக்கு மின்சாரம் எதற்கு என்பது என் வாதம். வரவேற்புரைக்கு மட்டும் ஓர் ஒலிவாங்கி என்று கூட்டம் சமரசம் செய்து, ஒலிபெருக்கிக்காரருக்கும் சொல்லி அனுப்பியது.

வித்துவான் மாலை ஐந்தரை மணிக்கு வந்தார். மண்டபத்தின் நடுவில் நின்று சீமெந்துச் சுவர்களையும் மேலே தட்டையாக ஊற்றியிருந்த கொங்கிறீற்றையும் பார்த்தார். பிறகு ஒரே ஒரு தரம் கையைத் தட்டினார். அந்தச் சத்தம் சுவருக்குச் சுவர் மோதி அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, "இதுக்குள்ள ரெண்டு தவில் அடிச்சால் வந்த சனம் காதைப் பொத்திக்கொண்டுதான் போகும். விறாந்தையிலை இருந்து வாசிப்பம், சனம் முற்றத்திலை இருக்கட்டும்" என்றார். ஒலிபெருக்கி வேண்டாம் என்று கூட்டத்தில் முழங்கிய எனக்கு, இரண்டு நாள்களாக அதே மண்டபத்துக்குள் நின்றும் ஒரு தரம் கைதட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. வீதியில் சுவாமியோடு நடந்து வாசித்து வளர்ந்த வாத்தியத்தை நாலு சுவருக்குள் அடைக்கிறோம் என்பதையும் நான் யோசிக்கவில்லை. நிர்வாகத்தினர் என்னைப் பார்த்தார்கள். நான் கதிரைகளைப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் அத்தனையையும் வேப்பமரத்தின் கீழ் இறக்கி, சமுக்காளத்தை விறாந்தையில் விரித்தோம். பதாகையைக் கழற்ற நேரம் இருக்கவில்லை. அது வெறும் மண்டபத்தை வரவேற்றபடி உள்ளேயே கிடந்தது.

பின்னறையில் அவர்களுக்குச் சுடுதண்ணீரும் மல்லித்தண்ணீரும் கொடுக்கப் போனபோது பார்த்ததைத்தான் முக்கியமாக எழுத நினைத்தேன். வித்துவான் ஒரு சிறிய டப்பாவில் இருந்து, வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டுகளான சீவாளிகளை ஒவ்வொன்றாக எடுத்து உதடுகளுக்கிடையில் வைத்து ஈரப்படுத்தி, நாதஸ்வரத்தில் பொருத்தாமலேயே ஊதிப் பார்த்தார். தாராக்குஞ்சு கத்துவது போன்ற அந்தச் சின்னச் சத்தத்தில் இருந்து அவர் எதைக் கண்டுபிடித்தாரோ, ஐந்தை ஒதுக்கி ஆறாவதை, நாதஸ்வரத்தின் மேல் நுனியில் உள்ள உலோகக் குழலான கெண்டையில் செருகினார். நாதஸ்வரத்தில் விரல் வைக்கும் துளைகள் ஏழுதான். கீழே உள்ள ஐந்தும் மெழுகால் அடைத்துச் சுருதியைச் சரிப்படுத்துவதற்கு. இடைப்பட்ட சுரங்களை எல்லாம் விரலின் அசைவாலும் மூச்சின் அழுத்தத்தாலும் அந்த நாணல் துண்டில் இருந்தே வரவழைக்க வேண்டும் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேன் என்றாலும், ஒரு முழ தூரத்தில் அவருடைய கன்னமும் கழுத்து நரம்பும் அதைச் செய்வதைக் கண்டபோதுதான் விளங்கியது.

தவில்காரர்களுக்கு வேறு கவலை. மாசிப் பனி இறங்கினால் தோல் தளர்ந்துவிடும் என்று, பெரியவர் தவிலின் வலது பக்கத் தோலான வலந்தலையை விரலால் சுண்டிச் சுண்டிப் பார்த்து இறுக்கிக்கொண்டிருந்தார். இளையவர் விரல்களில் கூடுகளை மாட்டிக்கொண்டதால், மல்லித்தண்ணீர்க் குவளையை நான்தான் அவருடைய வாயருகில் பிடிக்க வேண்டியிருந்தது.

வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை என்ற மூன்றையும் பதினைந்து நிமிடத்துக்குள் முடித்தோம். யாழ்ப்பாணத்தில் இது சிறிய சாதனை அல்ல.

கச்சேரி தொடங்கியபோது நான் முற்றத்தில் இல்லை. தேநீர் என் தலையில் விழுந்திருந்தது. நிலையத்தின் பின்புறம் கிணற்றடியில், கல் அடுப்பில் கேத்திலை வைத்து ஊதிக்கொண்டிருந்தேன். ஆசைப்பட்டு ஏற்பாடு செய்த கச்சேரியைப் புகைக்குள் இருந்து கேட்க நேர்ந்ததே என்ற எரிச்சல் முதல் இரண்டு உருப்படிகள் வரை இருந்தது. மூன்றாவதாகத் தோடி இராகத்தை எடுத்தார். தோடி என்றால், அதற்கே பேர்போன நாதஸ்வர மேதை திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளையின் (1898–1956) நினைவு வராமல் எந்த நாதஸ்வரக்காரரும் அதைத் தொட முடியாது. எங்கள் வித்துவானோ அவசரமே இல்லாமல், கீழ்ச் சுரங்களிலேயே நெடுநேரம் நின்று, ஒரே பிடியை மூன்று நான்கு விதமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறினார். கட்டடத்தைச் சுற்றி, வேலியைத் தாண்டி, பனைகளுக்கு இடையால் வந்த அந்த நாதம், சிறுவயதில் கோயிலுக்குப் போகும் ஒழுங்கையில் நடந்துகொண்டே கேட்ட அதே தூரத்தில் இருந்து வந்தது. பக்கத்து வீட்டம்மா வேலிக்கு அந்தப் பக்கம் வாளியைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றார். தேயிலையை இரண்டு தரம் போட்டுவிட்டேன்.

கசந்த தேநீரை முன்னால் கொண்டுபோனபோது தவில்கள் மட்டும் தனித்து வாசிக்கும் தனியாவர்த்தனம் தொடங்கியிருந்தது. அந்த நேரத்தில் தேநீர் நீட்டுவது மரியாதையல்ல என்று தட்டோடு மரத்தடியில் நின்றுகொண்டேன். பெரியவர் ஒரு தாளக் கோர்வையை வைக்க, இளையவர் அதை வாங்கித் திருப்பி வைக்க, மருதனார்மடத்தில் இசை படிக்கும் மாணவிகள் மூவர் மடியில் தாளம் போட்டுத் தவறவிட்டுச் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த முதியவர்கள் சிரிக்கவில்லை. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலை நேரில் கேட்டவர்கள் அவர்கள். 1975இல் மறைந்த அவரோடு ஒப்பிடாமல் எந்தத் தவிலையும் கேட்க அவர்களால் இயலாது. முடிப்புச் சொற்கட்டான கடைசித் தீர்மானம், தாளத்தின் முதல் அடியான சமத்தில் வந்து விழுந்தபோது அவர்களில் ஒருவர் தலையை ஒரே ஒரு தரம் ஆட்டினார். பெரியவர் அதைக் கண்டுகொண்டார் என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது.

பத்து மணிக்கு மங்களம் முடிந்தது. வெற்றிலை பாக்கோடு சன்மானத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்து, தவில்களை வாகனத்தில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, வித்துவான் என்னைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்: "அந்த மைக்காரத் தம்பிக்குக் காசு குடுத்திட்டியளோ? பாவம், பெட்டியிலை இருந்து முழுக்கக் கேட்டவர்."

அதுவரை அவரை ஒருவரும் நினைக்கவில்லை. பேசிய தொகையை எடுத்துக்கொண்டு போனேன். நல்ல கச்சேரி அண்ணை, இப்படி இருந்து கேட்டதில்லை என்று மனதாரச் சொன்னார். சொல்லியபடியே காசை இரண்டு தரம் எண்ணிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வயர்களைச் சுருட்டத் தொடங்கினார்.