ஸ்லோ குக்கரில் மசாலா வைன்

இரண்டு பாட்டில் (1.5 லிட்டர்) சிவப்பு வைனுக்கு 2 பட்டை, 8 கிராம்பு, 2 அன்னாசிப்பூ, கால் கப் தேன், ஒரு ஆரஞ்சு. மெர்லோ மாதிரி பழச்சுவை தூக்கலான வைன் போதும். விலை உயர்ந்தது வேண்டாம், மசாலாவில் அதன் நுணுக்கம் அமுங்கிவிடும்.

எல்லாவற்றையும் போட்டு மூடி, ‘லோ’வில் ஒரு மணி நேரம். கொதிக்கவே விடாதீர்கள். கொதித்தால் ஆல்கஹால் ஆவியாகிக் குறையும், வாசனையும் கூடவே போகும். ஆவி லேசாக எழுந்ததுமே ‘வார்ம்’ நிலைக்கு மாற்றுங்கள்.

கசக்கிறதா? பெரும்பாலும் ஆரஞ்சுத் தோலுக்கு அடியிலுள்ள வெள்ளைப் பகுதிதான் காரணம். மேல்தோலை மட்டும் மெல்லச் சீவி, சாற்றைப் பிழிந்து சேருங்கள். கிராம்பையும் ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும், ஊற ஊறக் காரமேறி நாக்கு மரத்துப்போகும். பொடி மசாலா கூடவே கூடாது: வைன் கலங்கி, அடியில் மண்போல் தங்கும்.