கொலுசுக் கடை சர்வர்: நாட்குறிப்பு

ஜூலை 10, 2025, வியாழன்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நான் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் கொலுசு மொத்தக் கடையில் இன்று காலை சர்வர், அதாவது கடைக் கணக்கெல்லாம் இருக்கும் மெயின் கம்ப்யூட்டர், ஏறவில்லை. நேற்று இரவு இடி மழை, கரண்ட் போய்ப் போய் வந்திருக்கிறது. விண்டோஸ் இருந்த டிஸ்க் போய்விட்டது. "பேக்கப் இருக்குங்க, பயப்படாதீங்க" என்று முதலாளியிடம் சொன்னேன். இருந்தது உண்மைதான். தினமும் இரவு 11 மணிக்கு டேட்டாபேஸும் டாலி கணக்கு சாஃப்ட்வேரின் ஃபோல்டரும் எக்ஸ்டர்னல் டிஸ்கில் ஏறும். நேற்றைய ஃபைல் நன்றாகவே இருக்கிறது. அதைக் கொண்டுபோய்ப் போட ஒரு சர்வர்தான் இல்லை.

புது டிஸ்க், விண்டோஸ், அப்டேட், டேட்டாபேஸை ஓட்டும் எஸ்க்யூஎல் சர்வர், பில்லிங் சாஃப்ட்வேர், அதன் லைசென்ஸ், யாருக்கு எந்த ஃபோல்டர் என்ற அனுமதிகள், லேபிள் பிரிண்டர், தராசு இணைப்பு. எல்லாம் முதலிலிருந்து. இரவு 10 மணிக்கு விண்டோஸ் மட்டும் முடிந்திருக்கிறது.

ஜூலை 12, சனி

மூன்றாம் நாள் மாலை 4 மணிக்குத்தான் முதல் பில் போட முடிந்தது.

இந்தத் தொழிலில் சர்வர் நின்றால் என்ன ஆகும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. பட்டறைக்குக் கட்டி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார்கள். அது கொலுசாகத் திரும்பி வரும்போது எடை, டச் (வெள்ளியின் தரம்), சேதாரம் பார்த்து, யார் கணக்கில் எத்தனை கிராம் நிற்கிறது என்று சர்வரில் ஏற்றுவார்கள். காசைவிட அந்தக் கிராம் கணக்குதான் இங்கே பெரிது. நேற்று சிவதாபுரத்திலிருந்து ஒரு பெரியவர் மஞ்சள் பையில் கொலுசு கொண்டுவந்தார். கணக்குப் பார்க்க முடியாது என்றதும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "என் கணக்குல 412 கிராம் நிக்குது. வாயால சொன்னா நம்புவீங்களா தம்பி?" கணக்கர் எழுந்து வந்து, "நம்பாம என்னங்க ஐயா, நோட்டுல எழுதிக்கிறேன், உட்காருங்க" என்று நாற்காலி போட்டார்.

இன்று சர்வர் வந்ததும் முதலில் அந்தக் கணக்கைத்தான் திறந்து பார்த்தேன். 412 கிராம்.

ஜூலை 15, செவ்வாய்

இனி ஃபைலை மட்டும் எடுத்துவைப்பதில்லை, முழு சர்வரையும் அப்படியே எடுப்பது என்று முடிவு. கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் பூட் பகுதி, விண்டோஸ், சாஃப்ட்வேர்கள், செட்டிங், டேட்டா எல்லாம் சேர்ந்த ஒரே இமேஜ். ஒன்றுமே இல்லாத டிஸ்கை மாட்டி, பென்டிரைவில் பூட் செய்து, அந்த இமேஜை இறக்கினால் பழைய சர்வர் அப்படியே வர வேண்டும். இதைத்தான் பேர் மெட்டல் ரெக்கவரி என்கிறார்கள்.

இமேஜ் எடுக்கும் நேரத்திலும் பில் ஓடிக்கொண்டிருக்கும். எழுதிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் ஃபைலைச் சும்மா காப்பி அடித்தால் பாதி பழையது, பாதி புதியது என்று கலந்து வரும். விண்டோஸில் விஎஸ்எஸ் என்று ஒன்று இருக்கிறது. அது டேட்டாபேஸை ஒரு கணம் நிறுத்திவைத்து, அந்தக் கணத்தின் நிலையைப் பிடித்துக் கொடுக்கும். எந்த பேக்கப் சாஃப்ட்வேரை வாங்குவதற்கு முன்பும் அட்மின் கமாண்டில் 'விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ரைட்டர்ஸ்' போட்டு விஎஸ்எஸ்ஸுக்காக டேட்டாபேஸைத் தயார்படுத்தும் எஸ்க்யூஎல் ரைட்டர் 'ஸ்டேபிள்' (சரியாக இருக்கிறது) என்று காட்டுகிறதா பாருங்கள். இங்கே காட்டுகிறது.

ஜூலை 18, வெள்ளி

முதலில் விண்டோஸ் சர்வரோடு வரும் விண்டோஸ் சர்வர் பேக்கப். காசு இல்லை, பேர் மெட்டலும் உண்டு. தனி டிஸ்க் கொடுத்தால் அதை ஃபார்மட் செய்து தனக்கே எடுத்துக்கொள்ளும், எக்ஸ்ப்ளோரரில் அது தெரியாது. நெட்வொர்க் ஃபோல்டருக்கு அனுப்பினால் கடைசி பேக்கப் ஒன்றுதான் நிற்கும், முந்தையதை அழித்து எழுதிவிடும். வைரஸ் புகுந்து இரண்டு நாள் கழித்துத் தெரியவந்தால் அந்த ஒன்றும் கெட்டுப்போனதாகத்தான் இருக்கும். எனக்கு இது சரிப்படாது.

குளோன்ஸில்லா டிஸ்கை முழுதாக நகலெடுக்கும் நல்ல கருவி, ஆனால் சர்வரை நிறுத்தித்தான் எடுக்க வேண்டும். தினசரி வேலைக்கு ஆகாது. லினக்ஸ் சர்வராக இருந்தால் ரிலாக்ஸ் அண்ட் ரெக்கவர் என்ற பேக்கப் கருவி பக்கம் போயிருப்பேன்.

வீம் ஏஜென்ட் என்ற பேக்கப் சாஃப்ட்வேரின் இலவசப் பதிப்பில் முழு இமேஜும், பூட் செய்யும் ரெக்கவரி மீடியாவும் (மீட்புப் பென்டிரைவ்) உண்டு. எஸ்க்யூஎல்லைத் தனியாகக் கவனித்து எடுக்கும் வசதி காசு கொடுக்கும் பதிப்பில்தான். டேட்டாபேஸின் சொந்த பேக்கப் இரவில் தனியாக ஓடுவதால் எனக்கு இலவசமே போதும்.

இடையில் ஒரு விற்பனையாளர் வந்தார். வருடச் சந்தா, வண்ண வண்ணமாக ஸ்கிரீன். "வெறும் டிஸ்க்ல இறக்கிக் காட்டுங்க, இப்பவே வாங்கிக்கிறேன்" என்றேன். அடுத்த வாரம் வருகிறேன் என்று போனார். இதைக் கேட்காமல் யாரும் பேக்கப் சாஃப்ட்வேர் வாங்காதீர்கள்.

ஜூலை 20, ஞாயிறு

கடை லீவு. ஒப்பிட்டுப் பார்க்க விண்டோஸ் சர்வர் பேக்கப் இமேஜை மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் இறக்கிப் பார்த்தேன். இறங்கவில்லை. இமேஜ் எடுத்த சர்வர் தொடங்குவது யூஇஎஃப்ஐ என்ற புது முறையில், இது பயாஸ் என்ற பழைய முறையில். இரண்டும் வேறு வகை என்பதால் முடியாது என்று மெசேஜ் வந்தது. சர்வர் எரிந்து, கையில் கிடைத்த கம்ப்யூட்டரை வைத்து அவசரமாகச் செய்யும் நாளில் இந்த மெசேஜ் வந்திருந்தால்? டிஸ்கின் அளவையும் எழுதி ஒட்டியிருக்கிறேன். மாற்று டிஸ்க் பழையதைவிடச் சின்னதாக இருந்தால் விண்டோஸ் சர்வர் பேக்கப் இமேஜ் அதில் ஏறாது.

ஜூலை 23, புதன்

முதலாளி கேட்டார்: "ரெண்டு டிஸ்க் எதுக்குப்பா?" ஒன்று சர்வரில் மாட்டியிருக்கும்போது இன்னொன்று என் வீட்டு பீரோவில் இருக்கும், வாரம் ஒருமுறை மாற்றிக்கொள்வேன். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் மாட்டியிருக்கும் டிஸ்கையும் சேர்த்துத்தான் பூட்டும். விண்டோஸ் வைத்திருக்கும் ஷேடோ காப்பிகளையும், அதாவது முந்தைய நிலையின் நகல்களையும், பெரும்பாலும் அழித்துவிடும். கழற்றி வைத்த டிஸ்கை அதனால் தொட முடியாது. உடனே ஒத்துக்கொண்டார்.

நான் பார்க்கும் ஒரு ஜவ்வரிசி ஆலை பிரைவேட் லிமிடெட் கம்பெனி. அவர்களுக்கு இது விருப்பம் சார்ந்ததே இல்லை. 2022 ஆகஸ்டில் திருத்திய கம்பெனி கணக்கு விதிகளின்படி, கம்ப்யூட்டரில் வைக்கும் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும், இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் இருக்க வேண்டும். ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும், இது கொலுசுக் கடைக்கும் உண்டு. அந்த ஆலையிலும் அடுத்த மாதம் இதே வேலையை ஆரம்பிக்கிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

முதலாளி வீட்டில் எல்லோரும் மேட்டூருக்குப் போயிருந்தார்கள். சாவியைக் கணக்கரிடம் கொடுத்திருந்தார். வேறொரு இடத்திலிருந்து கேட்டு வாங்கிவந்த, வேறு கம்பெனி தயாரிப்பான பழைய டவர் சர்வர், உள்ளே வெறும் டிஸ்க். 10.20க்கு வீம் பென்டிரைவில் பூட் ஆனது. இமேஜ் டிஸ்கைக் கண்டுபிடித்தது, தேதிகளைக் காட்டியது. எந்த டிஸ்கில் இறக்குவது என்ற இடத்தில் பட்டியல் காலி.

டிஸ்குகளை இணைக்கும் ரெய்டு கார்டின் டிரைவர், அதாவது அந்தக் கார்டை விண்டோஸ் அடையாளம் காண வைக்கும் சாஃப்ட்வேர், இல்லை. ரெக்கவரி மீடியாவைத் தயாரித்தது கடை சர்வரில், அதனால் அந்த சர்வரின் டிரைவர்கள்தான் அதில் இருக்கும். டிரைவரை இன்னொரு பென்டிரைவில் எடுத்துவந்திருந்தேன். லோடு செய்ததும் டிஸ்க் வந்தது. 310 ஜிபி இறங்க ஒரு மணி ஐந்து நிமிடம். இறங்கியதும் ரீஸ்டார்ட் செய்யவில்லை. இறக்கிய விண்டோஸுக்குள்ளும் அதே டிரைவரை ஏற்றினேன். இந்த ஒரு படியை விட்டால் நீல ஸ்கிரீன்தான்.

12.05க்கு லாகின். அதே வால்பேப்பர், அதே யூசர்கள். பில்லிங் சாஃப்ட்வேர் மட்டும் கம்ப்யூட்டர் மாறியதைக் கண்டுபிடித்து லைசென்ஸ் கேட்டது. அதன் நம்பரை ரெக்கவரி பென்டிரைவோடு ஒரு கவரில் போட்டு வைத்துவிட்டேன்.

தராசு பேசவில்லை. கேபிள் சரி, தராசில் லைட்டும் எரிகிறது. டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் தராசின் போர்ட் காம் 3ல் இருந்தது இங்கே காம் 5 ஆகியிருக்கிறது. மாற்றினேன். கணக்கர் பெட்டியிலிருந்து ஒரு ஜோடி சலங்கைக் கொலுசை எடுத்து, தட்டில் சத்தம் வராமல் மெல்ல வைத்தார். ஸ்கிரீனில் 82.46 வந்து நின்றது. அவர் தராசையும் ஸ்கிரீனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நோட்டைத் திறந்து தேதி போட்டு அந்த எடையை எழுதிக்கொண்டார்.