ஏழாம் வகுப்பில் பொறியியலும் மருத்துவமும்: ஒரு செமஸ்டர் பாடம் நடத்திய அனுபவம்

வட கரோலைனாவில் ஒரு மிடில் ஸ்கூலில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். கோவையில் மெக்கானிக்கல் படித்தவள். இங்கே வந்தபின் ஆசிரியர் சான்றிதழ் வாங்கி இந்த வேலைக்கு வந்தேன். போன கல்வியாண்டில் 'ப்ராஜெக்ட் லீட் த வே' அமைப்பின் 'கேட்வே' பாடத்தை நடத்தும் பொறுப்பைப் பள்ளியில் என்னிடம் கொடுத்தார்கள். செமஸ்டரின் முதல் பாதி 'டிசைன் அண்ட் மாடலிங்', பின்பாதி 'மெடிக்கல் டிடெக்டிவ்ஸ்'. பொறியியல் வடிவமைப்பும் உயிர்மருத்துவ அறிவியலும் அடுத்தடுத்து, அதே பிள்ளைகளுக்கு.

இந்தப் பாடம் பற்றித் தெரிந்ததும் இங்குள்ள தமிழ்ப் பெற்றோர் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "இதை எடுத்தா பின்னாடி மெடிக்கல், இன்ஜினியரிங் சேர உதவுமா?" என்பதுதான். பன்னிரண்டு, பதிமூன்று வயதில் அந்தக் கணக்குக்காக இந்த வகுப்பில் சேர்க்க வேண்டாம் என்றே சொல்வேன். அளந்து பார்ப்பது, பார்த்ததை எழுதி வைப்பது, அதன் பிறகே முடிவு சொல்வது என்ற பழக்கம் இந்த வயதில் கைக்குள் வந்துவிடும். அதற்காகச் சேர்க்கலாம், தாராளமாக.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1997-இல் நியூயார்க் மாநில உயர்நிலைப் பள்ளிகளில் பொறியியல் பாடமாகத் தொடங்கிய லாபநோக்கமற்ற அமைப்பு இது. பிறகு நாடு முழுக்கப் பரவியது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கான பிரிவின் பெயர்தான் கேட்வே. ரோபோ, ஆப் உருவாக்கம், விண்வெளி என்று அதில் பல அலகுகள் உண்டு, எவற்றை நடத்துவது என்பதைப் பள்ளி தீர்மானிக்கும். எந்த அலகை நடத்தினாலும் ஆசிரியர் முதலில் அதற்கான 'கோர் ட்ரெய்னிங்' முடித்திருக்க வேண்டும்.

அந்தப் பயிற்சியை எனக்குக் கோடை விடுமுறையில் போட்டிருந்தார்கள். ஏற்கெனவே இந்தப் பாடத்தை நடத்திவரும் ஆசிரியர்களே 'மாஸ்டர் டீச்சர்' என்ற பெயரில் வந்து கற்றுக்கொடுத்தார்கள். உரை, ஸ்லைடு எல்லாம் குறைவு. பிள்ளைகள் என்ன செய்யப் போகிறார்களோ அதையே நாங்களும் செய்ய வேண்டும்: வரைய வேண்டும், அட்டையை வெட்ட வேண்டும், சின்ன அளவுகளைத் துல்லியமாக அளக்கும் காலிப்பர் கருவியைப் பிடிக்க வேண்டும், ஆட்டு மூளையை அறுக்க வேண்டும். எனக்கு அதில் மிகவும் பிடித்தது இன்ஜினியரிங் நோட்டு.

தமிழ்நாட்டில் அறிவியல் படித்தவர்களுக்கு ரெக்கார்டு நோட்டு நன்றாகவே தெரியும். சோதனையை அப்சர்வேஷன் நோட்டில் கிறுக்கி, கையெழுத்து வாங்கி, பிறகு அழகாக ரெக்கார்டில் ஏற்றுவோம். வலப்பக்கம் செய்முறை, இடப்பக்கம் பென்சில் படம். அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது. இங்கே இன்ஜினியரிங் நோட்டில் எல்லாம் நேர் எதிர். எழுதுவது பேனாவால். தப்பாகிவிட்டால் ஒரே ஒரு கோடு போட்டு அடிக்க வேண்டும், அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, எழுதியவரின் கையெழுத்து. இடம் மிஞ்சினால் பின்னால் எதையும் செருக முடியாதபடி குறுக்குக்கோடு. வீணாகப் போன யோசனை எதுவோ, அது ஏன் வீணாயிற்று என்பதோடு சேர்ந்து அங்கேயே இருக்கும். செமஸ்டர் முழுக்க நான் திருத்திய மதிப்பெண்ணில் பெரும்பங்கு இந்த நோட்டுக்குத்தான். செய்த பொருள் உடைந்தாலும், நோட்டு நன்றாக இருந்தால் மதிப்பெண் உண்டு என்று முதல் வாரமே சொல்லிவிட்டேன்.

வரைபடப் பாடத்தில் நம்மூரில் படித்த ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஒரு பொருளின் முன், மேல், பக்கத் தோற்றங்களைத் தாளில் எங்கெங்கே வைப்பது என்பதற்கு இரண்டு முறைகள் உண்டு. இந்தியாவில் நாம் படித்தது முதல் கோண வீழல். மேல்தோற்றத்தை முன்தோற்றத்துக்குக் கீழே வரைவோம். அமெரிக்காவில் மூன்றாம் கோணம்: மேல்தோற்றம் மேலே, வலப்பக்கத் தோற்றம் வலப்பக்கம். பழகிய கை தானாகவே கீழே போகும். பிள்ளைகளுக்கு என்னவோ மூன்றாம் கோணம் எளிதாகவே பிடிபட்டது. ஒரு பெட்டியைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து, கூண்டின் ஒவ்வொரு முகத்திலும் தெரிவதை மார்க்கரால் வரைந்து, பிறகு கூண்டை விரித்துக் காட்டினேன். முப்பரிமாணத் தோற்றம் வரைய உதவும் ஐசோமெட்ரிக் புள்ளித்தாளில் படம் போடத்தான் அவர்களுக்கு அதிக நேரம் பிடித்தது.

டிசைன் அண்ட் மாடலிங் அலகின் உச்சம், செரிப்ரல் பால்ஸி என்னும் பெருமூளை வாதம் உள்ள ஒரு குழந்தைக்குச் சிகிச்சைக்கு உதவும் விளையாட்டுப் பொருள் ஒன்றை வடிவமைப்பது. வளரும் மூளையில் ஏற்படும் பாதிப்பால் தசைகளின் இயக்கமும் உடலின் நிலையும் குலைவதுதான் இந்த நிலை. ஒரு குழந்தைக்குத் தசை விறைத்திருக்கும், இன்னொன்றுக்குக் கை தன்னிச்சையாக ஆடும். ஆகவே 'அந்தக் குழந்தைக்கு எது முடியும், எதைச் செய்யவைக்க வேண்டும்' என்று கேட்டுவிட்டுத்தான் வரையவே தொடங்க முடியும்.

இந்த இடத்தில் நான் பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு கதையைச் சேர்த்துக்கொண்டேன்: ஜெய்ப்பூர் செயற்கைக் கால். 1960களின் பிற்பகுதியில் எலும்பு சிகிச்சை மருத்துவர் பிரமோத் கரண் சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து உருவாக்கியது. மேற்கத்திய செயற்கைக் கால்கள் ஷூ போட்டு நடப்பவருக்காகச் செய்யப்பட்டவை. குத்துக்கால் போட்டு உட்கார வேண்டும், சம்மணம் போட வேண்டும், வெறுங்காலோடு ஈர வயலில் நடக்க வேண்டும் என்பவருக்கு அவை உதவவில்லை. தேவைகளின் பட்டியல் மாறியதும் கால் ரப்பர் காலாக மாறியது. அமெரிக்கப் பிள்ளைகள் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பார்த்து, கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது என்று கோணமானி வைத்து அளந்தார்கள். 'வடிவமைப்புத் தேவைகள்' என்ற சொல்லுக்கு அதற்குப் பிறகு நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒரு குழுவின் வேலையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். திருகினால் இசை வரும் ஒரு பெட்டியை அவர்கள் வடிவமைத்திருந்தார்கள். கணினியில் படம் பிரமாதம். திருகு மட்டும் ஒரு விரல்நுனி அளவு. மாதிரிப் பொருட்களைப் பார்க்க அழைத்திருந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்), எதுவும் விமர்சிக்காமல் பையிலிருந்து தடித்த கம்பளிக் காலுறைகளை எடுத்து, "இதைக் கையில் போட்டுக்கொண்டு உங்கள் பொம்மையை நீங்களே இயக்குங்கள்" என்றார். ஒருவராலும் திருக முடியவில்லை. அந்தக் குழுவில் இருந்த பையன் காலுறையைக் கழற்றாமலேயே கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான், பிறகு உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தான். திருகு போய், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அழுத்துப் பொத்தான் வந்தது அப்படித்தான்.

பொத்தான் கழன்று வந்தால் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளுமே என்று அடுத்து ஒரு பெண் கேட்டாள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளுக்கு அமெரிக்காவில் சிறு பாகச் சோதனை ஒன்று சட்டப்படி உண்டு. 1.25 அங்குலம், அதாவது சுமார் 31.7 மி.மீ. விட்டமுள்ள உருளைக்குள் ஒரு பாகம் முழுதாக அடங்கிவிட்டால் அது ஆபத்தானது. அந்த உருளையையே 3டி பிரிண்டரில் அச்சிட்டு, எல்லாக் குழுக்களும் தங்கள் பாகங்களைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு எண் எங்கிருந்து வந்தது, யாரைக் காப்பாற்ற வந்தது என்று தெரிந்தால் பிள்ளைகள் அதை அலட்சியப்படுத்துவதில்லை.

காலிப்பர் பற்றியும் ஒரு வார்த்தை. மூடிக்கும் பெட்டிக்கும் ஒரே அளவு கொடுத்து அச்சிட்டால் மூடி உள்ளே போகாது. இடைவெளி விட வேண்டும். எவ்வளவு என்று நான் சொல்லவில்லை. வெவ்வேறு இடைவெளிகளோடு சிறு துண்டுகளை அச்சிட்டுக் காலிப்பரால் அளந்து, எது இறுக்கம், எது தொளதொள என்று அட்டவணை போட்டு அவர்களே கண்டுபிடித்தார்கள்.

பின்பாதியில் மெடிக்கல் டிடெக்டிவ்ஸ் தொடங்கியதும் பிள்ளைகள் 'இப்போ வேறு பாடம்' என்று நோட்டை மூடப் பார்த்தார்கள். அதே நோட்டைத்தான் தொடர வைத்தேன். முதல் வேலை உடல்வெப்பம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம். ஒரே மணிக்கட்டை இருவர் பிடித்து, ஒருவர் 72 என்றும் மற்றவர் 80 என்றும் சொன்னார்கள். யார் சொல்வது சரி என்று சண்டை. பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு துடிப்பு விட்டுப்போனாலும் விடையில் நான்கு குறையும், முழு நிமிடம் எண்ணினால் ஒன்றுதான் குறையும் என்று பலகையில் போட்டதும் சண்டை ஓய்ந்தது. ரத்த அழுத்தத்துக்குத் தானியங்கிக் கருவியை விட்டுவிட்டு ஸ்டெதஸ்கோப்பையே கொடுத்தேன். கையில் சுற்றிய பட்டையின் காற்றை மெதுவாக இறக்கும்போது முதல் தட்டல் கேட்கும் இடம் மேல் அளவு, ஓசை அடங்கும் இடம் கீழ் அளவு. அந்தத் தட்டலை முதன்முதலில் கேட்ட பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்காகவே இந்த வகுப்பை மறுபடி நடத்தலாம். யாருடைய அளவையும் பெயரோடு பலகையில் எழுதக் கூடாது என்பது நான் போட்ட விதி. உடல் பற்றிய தகவல் சொந்தத் தகவல் என்பதையும் இந்த வயதிலேயே பழக்க வேண்டும்.

ஆட்டு மூளை அறுப்புக்குப் பெற்றோரின் ஒப்புதல் கடிதம் முன்கூட்டியே போய்விடும். ஒரு தமிழ்த் தாய் எனக்குப் போன் செய்தார். "டீச்சர், நாங்க சுத்த சைவம். அவளைத் தொட வைக்காதீங்க, ஆனா மார்க்கும் போயிடக் கூடாது" என்றார். கட்டாயம் இல்லை, மாதிரி மூளையிலும் கணினியிலும் அதே பாகங்களைப் படிக்கலாம், மதிப்பெண்ணில் வித்தியாசம் கிடையாது என்று விளக்கினேன். அந்தப் பெண் மாதிரி மூளையோடு பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, அறுத்த குழுக்களுக்கு 'அடுத்து எங்கே பார்க்க வேண்டும்' என்று வழி சொன்னாள். இந்த ஏற்பாட்டைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை, பெற்றோர்களே.

பதப்படுத்திய மூளையை நன்றாகக் கழுவி, கையுறை, பாதுகாப்புக் கண்ணாடியோடு தட்டில் வைத்தோம். ஆட்டின் மூளை ஏறத்தாழ 140 கிராம், மனித மூளை 1,300 முதல் 1,400 கிராம். கத்தி படும் முன் வெளியுறையை விரலால் நீக்க வேண்டும், தடித்த காகிதம்போல உரிந்து வரும். நடுவே நீளவாக்கில் வெட்டினால் சிறுமூளைக்குள் வெள்ளை நார்கள் கிளைகிளையாகப் பிரிந்திருப்பது பளிச்சென்று தெரியும். அறை அமைதியாகிவிட்டது. பெருமூளை வாதம் பற்றி முன்பே படித்திருந்ததால், "அந்தக் குழந்தைக்கு இதில் எங்கே பாதிப்பு?" என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வந்தது. இரண்டு அலகுகளையும் இந்த வரிசையில் வைத்ததற்கு அந்த ஒரு கேள்வி போதும்.

இதற்கு அடுத்த வகுப்பில் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரனின் கண்ணாடிப் பெட்டியைச் செய்தோம். இல்லாத கையில் வலிக்கிறது என்பவருக்கு, இருக்கும் கையின் பிம்பத்தைக் காட்டி மூளையை ஏமாற்றி வலியைக் குறைக்கும் முறை அது. அட்டைப்பெட்டியும் ஒரு கண்ணாடியும்தான் செலவு. மருத்துவமும் வடிவமைப்பும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்பதற்கு இதைவிடக் கைக்கு எட்டும் சான்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக டி.என்.ஏ. ஜெல். ஜெல்லில் உள்ள குழிகளில் டி.என்.ஏ. மாதிரிகளை இறக்கி, மின்சாரத்தால் அவற்றின் துண்டுகளைப் பிரித்து, ஒரு கற்பனைக் குற்றத்தில் சந்தேகத்துக்குரிய மூவரில் யாருடையது பொருந்துகிறது என்று பார்க்கும் சோதனை இது. முக்கால் மணி நேரப் பீரியடில் ஜெல் ஊற்றி, உறையவைத்து, மாதிரியை இறக்கி, மின்சாரம் ஓட்டி முடிக்க முடியாது. ஜெல்லை முந்தின நாளே ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். மிகச் சிறிய அளவு திரவத்தை அளந்து எடுக்கும் மைக்ரோபிப்பெட்டை வாரக்கணக்கில் முன்பிருந்தே வண்ண நீரோடு பழக்குங்கள். டி.என்.ஏ.வுக்கு எதிர்மின் தன்மை, ஆகவே கறுப்பு எதிர்முனையிலிருந்து சிவப்பு நேர்முனைக்கு ஓடும். சின்னத் துண்டு தூரம் போகும், பெரிய துண்டு பின்தங்கும். ஒரு குழுவில் பிப்பெட் நுனி பட்டு மூன்றாம் குழி கிழிந்துவிட்டது. பெற்றோர் வந்த மாலையில் ஒரு தந்தை அந்தக் குழுவிடம், "அப்போ குற்றவாளி யாரு?" என்று கேட்டார். அந்தச் சிறுமி நோட்டைத் திறந்து, கிழிந்த குழியின் படத்தைக் காட்டி, "மூன்றாவது நபரைப் பற்றி எங்களால் எதுவும் சொல்ல முடியாது. மற்ற இருவரில் இரண்டாமவருடைய வரிசை பொருந்துகிறது" என்றாள். யாரும் அவளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை.

பிள்ளையைச் சேர்க்க நினைப்பவர்களுக்கு: எங்கள் பள்ளியில் விருப்பப்பாடப் படிவம் வசந்தகாலத்திலேயே வந்துவிடும், ஆர்கெஸ்ட்ரா இசை வகுப்பும் இதுவும் ஒரே பீரியடில் மோதும். படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், எந்த அலகுகளை நடத்துகிறார்கள், பிள்ளைகள் நோட்டு எழுதுகிறார்களா என்று பள்ளியின் கவுன்சிலரிடம் (மாணவர் ஆலோசகரிடம்) கேளுங்கள். நடத்தப்போகும் ஆசிரியர்களுக்கு: காலிப்பர் குழுவுக்கு ஒன்றாவது வேண்டும், பிப்பெட்டும் அப்படியே. வரவுசெலவில் வேறு எதைக் குறைத்தாலும் இந்த இரண்டைக் குறைக்க விடாதீர்கள்.